தொலை நுழைவும் அனுமதிச் சீட்டின் இருப்பிடமும்

நாட்டின் ஆராய்ச்சி நிறுவனங்களிலும் பல்கலைக் கழகங்களிலும் கணினிப் பணியின் பெரும் பகுதி இன்று தொலைவிலிருந்தே நடைபெறுகிறது. 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசிய மீக்கணினி இயக்கத்தின் கீழ் நிறுவப்பட்ட கணினிகளை ஆய்வாளர் நேரில் காண வேண்டியதில்லை. தம் மேசையிலுள்ள சிறு கணினியிலிருந்து வலைப்பின்னல் வழியாக அவற்றினுள் நுழைந்து பணியாற்றுகின்றனர். இவ்வாறு தொலைவிலிருந்து நுழைபவர் தாம் இன்னார் என்பதை ஒரு முறை மெய்ப்பித்த பின், அதற்கான சான்று எங்கே வைக்கப்படுகிறது என்ற வினா அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் இரவெல்லாம் ஓட வேண்டிய கணக்கீடு நள்ளிரவில் நின்றுபோவதும், ஒருவர் பெயரில் மற்றொருவர் கோப்புகளைத் திறக்க நேர்வதும் சில வேளைகளில் இந்த இடத்தேர்வின் விளைவுகளேயாகும்.

சீட்டு முறை

பெரிய நிறுவனங்களில் பரவலாக வழங்கும் அடையாள உறுதி முறை ‘கெர்பெரோஸ்’ எனப்படுவது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1983-இல் தொடங்கிய அதீனா திட்டத்தில் இது உருப்பெற்றது. 1978-இல் நீதாம், ஷ்ரோடர் ஆகிய இருவர் வெளியிட்ட நெறிமுறையே இதன் அடித்தளம். இதில் கடவுச்சொல் வலைப்பின்னலில் பயணம் செய்வதில்லை. பயனாளர் முதலில் மைய வழங்கியிடம் ஒரு மூலச் சீட்டைப் பெறுகிறார். பின்னர் கோப்பு வழங்கி, தரவுத் தளம் என ஒவ்வொரு பணிக்கும் அம்மூலச் சீட்டைக் காட்டித் தனிச் சீட்டு பெறுகிறார். பத்து மணி நேரமோ ஒரு நாளோ என நிர்வாகம் விதிக்கும் காலம் வரையில்தான் சீட்டு செல்லும். கணினிகளின் கடிகாரங்கள் பொதுவாக 5 நிமிடத்திற்கு மேல் வேறுபட்டால் சீட்டு ஏற்கப்படுவதில்லை. (இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு 2022 ஏப்ரலில் விடுத்த ஆணை, கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர வழங்கிகளோடு ஒத்திசைக்குமாறு பணித்தது வேறு நோக்கத்திற்காக எனினும், இம்முறைக்கும் அது துணையாக அமைகிறது.)

சீட்டும் அதனோடு இணைந்த தற்காலிகச் சாவியும் எவர் கையில் உள்ளனவோ, அவர் காலம் முடியும் வரை அப்பயனாளராகவே கருதப்படுவார். கடவுச்சொல் அவருக்குத் தேவையில்லை. ஆகவே சேமிப்பிடம் என்பது பாதுகாப்பின் மையப் பொருளாகிறது.

வைக்கும் இடங்கள்

மிகப் பழைய வழக்கம், தற்காலிகக் கோப்பகத்தில் பயனாளரின் எண்ணைத் தாங்கிய ஒரு கோப்பில் சீட்டை வைப்பதாகும். உரியவர் மட்டுமே படிக்கும் உரிமை அக்கோப்பிற்கு அளிக்கப்படுவதால் பிற பயனாளர் அதனை நெருங்க இயலாது. எளிமையும் எல்லா மென்பொருள்களும் அறிந்திருத்தலும் இதன் நிறைகள்.

இரண்டாவது, லினக்ஸ் கெர்னலின் ‘சாவிக் கொத்து’. இங்கே சீட்டு வட்டில் கோப்பாகக் கிடப்பதில்லை. கணினியை மீண்டும் இயக்கினால் அது மறைந்துவிடும். ரெட் ஹேட் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ஏழாம் பதிப்பில் இதனையே இயல்பான இடமாக வைத்தது. ஆனால் ஒரே இயந்திரத்தில் பல கலன்களை ஓட்டும் பழக்கம் பெருகியபோது, கலன்களுக்கிடையே சாவிக் கொத்து தெளிவாகப் பிரிக்கப்படாமை இடர்ப்பாடாயிற்று. 2019-இல் வந்த எட்டாம் பதிப்பில், ‘கே.சி.எம்.’ என்னும் தனிப் பணி நிரலிடம் சீட்டுகள் ஒப்படைக்கப்பட்டன. இவை யாவற்றிலும் ஒன்று பொது: அந்த இயந்திரத்தில் ‘ரூட்’ அதிகாரம் பெற்றவரிடமிருந்து எதுவும் முழுக் காப்பு அளிப்பதில்லை. நம்பத்தகாத இயந்திரத்திற்குச் சீட்டை அனுப்பாதிருத்தலே அதற்குரிய மாற்று; சேமிப்பிடத்தை மாற்றுவதால் அக்குறை தீராது.

இடத்தைக் குறிக்கும் முறை

கெர்பெரோஸ் அமைப்புக் கோப்பில் ‘டிஃபால்ட் சிகேஷ் நேம்’ என்ற வரியில் சேமிப்பிடத்தின் வகையும் பெயரும் எழுதப்படுகின்றன. பெயரில் பயனாளர் எண்ணுக்கான குறியீடு இடம்பெறுவது இன்றியமையாதது. நிலையான ஒரே பெயரை எழுதினால் எல்லாருடைய சீட்டுகளும் ஒரே இடத்திற்குப் போட்டியிடும். சீட்டை இல்லக் கோப்பகத்தில் வைக்கலாமே என எண்ணுவோர் உளர். அக்கோப்பகமே கெர்பெரோஸ் காப்புடன் பிணையத்தில் இருக்குமானால், பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதையாகும்.

தொலை நுழைவில்தான் சிக்கல் மிகுதி. கடவுச்சொல்லைத் தட்டி நுழைபவரின் சீட்டு, நுழைவு நிரல்கள் வழியாகப் பெரும்பாலும் மேற்கூறிய வரி காட்டும் இடத்திற்கே செல்கிறது. ஆனால் தம் கணினியிலுள்ள சீட்டைத் தொலைக் கணினிக்கு ஒப்படைத்து நுழையும்போது, ஓப்பன் எஸ்.எஸ்.எச். மென்பொருளின் மூலப் பதிப்பு அவ்வரியைப் பொருட்படுத்தாமல், தற்காலிகக் கோப்பகத்தில் தற்செயல் எழுத்துகள் கொண்ட புதிய கோப்பை உண்டாக்கி, அதன் பெயரை அந்த அமர்வின் சூழல் மாறியில் மட்டும் எழுதிவைக்கிறது. சில வெளியீட்டாளர்கள் இதனைத் தம் பதிப்பில் திருத்தியுள்ளனர். திருத்தப்படாத இடத்தில் ஒரே மனிதர் இருவழியாக நுழைந்தால் சீட்டு இரு இடங்களில் இருக்கும். ஒன்று மற்றொன்றை அறியாது. பயனாளர் தம் தொடக்கக் கோப்பில் அதே சூழல் மாறிக்கு நிலையான மதிப்பு எழுதியிருந்தாலோ, ஒப்படைக்கப்பட்ட சீட்டு இருந்தும் இல்லாததாகிவிடும்.

மேலும், அமர்வு முடிந்ததும் அக்கோப்பை அழிப்பதே எஸ்.எஸ்.எச். வழங்கியின் இயல்பு. பாதுகாப்பு நோக்கில் இது சரியே. எனினும் கணக்கீட்டைப் பின்னணியில் ஓடவிட்டு வீடு திரும்பிய ஆய்வாளர், மறுநாள் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற வரியைத்தான் காண்பார். அழிக்கும் விதியைத் தளர்த்துவது மலிவான தீர்வாகத் தோன்றும். ஆனால் கேட்பாரற்ற சீட்டுகள் வட்டில் தங்கும். எல்லா அமர்வுகளுக்கும் பொதுவான சாவிக் கொத்திலோ கே.சி.எம்.-இலோ வைத்தால் சீட்டு வெளியேறிய பின்னும் நிற்கும்; அதுவும் காலாவதி வரையில்தான். இரவுப் பணிகள் வழக்கமாக உள்ள இடங்களில், அப்பணிக்கென்றே குறைந்த உரிமைகளுடன் தனி அடையாளம் ஒன்றை உண்டாக்கி, அதன் நிலையான சாவிக் கோப்பைக் கொண்டு நிரலே சீட்டைப் பெறச் செய்வது பொருத்தமானது.

மாற்றம் செய்த நிர்வாகி, கடவுச்சொல் வழியாகவும் சீட்டு ஒப்படைப்பு வழியாகவும் தனித்தனியே நுழைந்து, ‘கே-லிஸ்ட்’ கட்டளையின் முதல் வரியை இரு அமர்வுகளிலும் ஒப்பிட வேண்டும். பின்னர் ஓர் அமர்விலிருந்து வெளியேறி, மற்றதில் அக்கட்டளையை மீண்டும் இட்டுச் சீட்டு நிலைத்துள்ளதா எனப் பார்த்தல் வேண்டும்.