இறைப்பு மெசினின் வோட்டர் சீல்: நாமே மாற்றுவோம்



ஈசாக்கின் கதை நாம் அறிந்ததே. அவருடைய தந்தை ஆபிரகாமின் காலத்தில் தோண்டப்பட்ட கிணறுகளைப் பிலிஸ்தியர் மண்ணிட்டுத் தூர்த்துவிட்டனர். ஈசாக்கு அதே கிணறுகளை மீண்டும் தோண்டி, தந்தை இட்ட பெயர்களையே அவற்றுக்கு இட்டார் என்று தொடக்க நூல் கூறுகின்றது. பற்றை வெட்டி, தூர்ந்த கிணற்றைக் கலக்கி இறைத்த நமக்கு இக்கதை தூரத்துக் கதையல்ல.

ஆனால் கிணறு துப்புரவானால் மட்டும் போதாது. தண்ணீர் பாத்திக்குப் போய்ச் சேர வேண்டும். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது, சைக்கிள் கரியரில் மெசினைக் கட்டிக்கொண்டு போனவர்கள் நம்மிடையே இருக்கின்றார்கள். போன இடத்தில் பிறர் காணியில் பயிர் வைத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட அந்த இரண்டு அங்குல மெசினே துணை நின்றது. இன்றும் குத்தகைக் காணியில் வெங்காயம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு, முளை விட்ட நேரத்தில் மெசின் நின்றால் பட்ட கடனும் சேர்ந்து மூழ்கும். ஆகவே அடிக்கடி வரும் ஒரு பழுதை நாமே திருத்தும் முறையை இப்பாடத்தில் படிப்போம்.

பழுது எங்கே?

மெசின் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றதும் பம்பைக் கழற்றக் கூடாது. முதலில் மூன்றைப் பார்ப்போம்.

உறிஞ்சு குழாயைப் பம்பிலிருந்து கழற்றி, நுனி மேலே இருக்க, வாய்வரை நீர் நிரப்புங்கள். சற்று நேரத்தில் நீர் இறங்கினால் பூட் வால்வு ஒழுகுகின்றது அல்லது குழாய் வெடித்திருக்கின்றது.

வெளியேறும் தண்ணீரில் காற்றுக் குமிழிகள் வந்தால் உறிஞ்சு குழாயின் பூட்டையும் கிளிப்பையும் இறுக்கிப் பாருங்கள்.

பம்பும் இயந்திரமும் சேரும் இடைவெளியால் நீர் சொட்டினால் வோட்டர் சீல் தேய்ந்துவிட்டது. இதைக் கவனியாது விட்டால் நீர் இயந்திரத்துக்குள்ளும் புகும்; ஒயில் பாலைப்போல வெளுக்கும். பிறகு செலவு சீலோடு நிற்காது.

சீல் ஏன் கெடுகின்றது?

வோட்டர் சீல் இரண்டு பாதிகளைக் கொண்டது. ஒரு பாதி அசையாது நிற்கும். மறு பாதி இம்பெலர் எனும் சுழல்சக்கரத்தோடு சுற்றும். இரண்டின் பளபளப்பான முகங்களும் ஒன்றோடொன்று அழுந்தி நீரைத் தடுக்கின்றன. அவற்றைக் குளிர வைப்பது பம்பிலுள்ள தண்ணீரே. தண்ணீர் ஊற்றாமல் மெசினை இழுத்து விடுவதும், மணல் கலந்த நீரை இறைப்பதும் சீலைக் கெடுக்கும் இரண்டு முக்கிய தவறுகள்.

மாற்றும் முறை

10, 12, 14 இலக்கச் சாவிகள், ஒரு ஸ்குறூட்றைவர், ஒரு மரத்துண்டு, வெள்ளைத் துணி, சவர்க்கார நீர் ஆகியன போதும். பழைய சீலினைக் கடைக்குக் கொண்டுபோய் அளவு பார்த்துப் புதியதை வாங்க வேண்டும்.

1. மெசின் ஆறட்டும். பிளக் வயரைக் கழற்றுங்கள். எண்ணெய்த் திறப்பை மூடி, பம்பிலுள்ள நீரை வடியுங்கள்.

2. முன்மூடியின் ஆணிகளை எதிர் எதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். கழற்றும் ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வையுங்கள். பூட்டும்போது அந்த வரிசையே நமக்கு ஆசிரியர்.

3. கயிறு இழுக்கும் பக்க மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் சில்லை ஒருவர் இறுகப் பிடிக்க, மற்றவர் இம்பெலரை மரத்துண்டால் தட்டி மணிக்கூட்டுக்கு எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும். இரும்புச் சுத்தியலால் அடித்தால் வார்ப்பிரும்பு வெடிக்கும். பின்னால் மெல்லிய வளையங்கள் இருந்தால் எண்ணி வைத்து, அத்தனையையும் திரும்பப் போடுங்கள்.

4. பம்பின் கூட்டை இயந்திரத்திலிருந்து கழற்றி, அதிலுள்ள பழைய பாதியைப் பின்புறமிருந்து மரத்தால் தள்ளுங்கள். இம்பெலரில் உள்ள மறு பாதியையும் எடுங்கள். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய பாதியோடு புதிய பாதி ஒத்துப்போகாது.

5. புதிய சீலின் இறப்பரைச் சவர்க்கார நீரில் நனைத்து, பொருத்தமான பிளாஸ்ரிக் குழாய்த் துண்டால் சரிசமமாக அழுத்துங்கள். பளபளப்பான முகத்தை விரலால் தொடாதீர்கள், கிறீஸ் பூசாதீர்கள்.

6. எல்லாவற்றையும் பூட்டியபின் பிளக் வயரை மாட்டாமலே கயிற்றை மெதுவாக இழுங்கள். இம்பெலர் உரசும் சத்தம் வரக் கூடாது. பிறகு பம்பை நீரால் நிரப்பி, வயரை மாட்டி, ஐந்து நிமிடம் ஓட்டிச் சொட்டு வருகிறதா எனப் பாருங்கள்.

திறந்தால் முழுவதும் பாருங்கள்

கார் திருத்துபவர் ரைமிங் பெல்ற்றை மாற்றும்போது, அந்தப் பெல்ற்றால் சுழலும் வோட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றுவார். இரண்டுக்கும் கழற்றும் வேலை ஒன்றே. பம்பு பின்னர் பழுதானால் அத்தனையையும் மறுபடி கழற்ற வேண்டும். நாமும் பம்பைத் திறந்த நாளிலேயே மூடியின் இறப்பர் வளையம், கேஸ்கற், உறிஞ்சு வாயின் இறப்பர் வால்வு ஆகியவற்றைப் பார்த்து, தேய்ந்தவற்றை மாற்றிவிடுவோம். 2022 ஆகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியதை நாம் மறக்கவில்லை. காற்று வாங்கும் பம்பு, அதே பாத்தியை நனைக்க இன்னும் கூடிய எண்ணெயைக் குடிக்கும்.

உயிருக்கு ஆபத்து

எந்தப் பம்பும் 10 மீற்றருக்குக் கீழேயிருந்து நீரை உறிஞ்சாது. நடைமுறையில் 6, 7 மீற்றரே எல்லை. கோடையில் நீர் இறங்கும்போது சிலர் மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி வைக்கின்றனர். இதை ஒருபோதும் செய்யாதீர்கள். மெசின் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமோ நிறமோ இல்லை. அது கிணற்றுக்குள் தேங்கினால் இறங்கியவர் மயங்குவார். அவரைத் தூக்க இறங்குபவரும் மயங்குவார். பயிர் போனால் மறுபோகம் உண்டு. ஆள் போனால் இல்லை.

நிறைவாக ஒன்று. மெசின் வேலை ஆண்களுக்குரியது என்று சொல்லிப் பழகிவிட்டோம். கணவரை இழந்து தனியே தோட்டம் செய்யும் சகோதரிகள் நம் ஊர்களில் எத்தனைபேர்! ஒரு சொட்டு நீரை நிறுத்த அவர்கள் ஏன் பிறருக்காகக் காத்திருக்க வேண்டும்? காணியை விட்டு வந்தோம், வீட்டை விட்டு வந்தோம். கையில் உள்ள தொழிலறிவு மட்டும் நம்மோடு வந்தது. அதைப் பகிர்வதும் அயலவர்மேல் காட்டும் அன்பே.

கூடிச் சிந்திப்போம்

1. நம் கிராமத்தில் பழுதாகிக் கிடக்கும் மெசின்கள் எத்தனை? அவற்றில் எவை இவ்வாறு திருத்தக் கூடியவை?

2. பங்குக் கிணற்றுக்காரர் சேர்ந்து ஒரு சாவிப் பெட்டியும் ஒரு புதிய சீலும் வாங்கி வைக்க முடியுமா?

3. அடுத்த கூட்டத்தில் ஒரு மெசினைக் கழற்றிப் பூட்டிக் காட்ட முன்வருபவர் யார்? அவரிடம் கற்கப் பெண்களையும் இளையோரையும் அழைத்து வருபவர் யார்?