சங்கிலிக் குவெரிக்கு மாக் எழுதும்போது

நோட்.ஜேஎஸ்ஸில் மங்கூஸ் லைப்ரரி வழியாக மாங்கோடிபியோடு வேலை செய்பவர்களுக்கு இந்த வரி அத்துப்படி: ஆர்டர்.ஃபைண்ட், அதன் வாலில் சார்ட், பிறகு லிமிட், முடிவில் லீன். அதற்கு யூனிட் டெஸ்ட் எழுத உட்காரும்போதுதான் சிக்கல். ஃபைண்டுக்கு மட்டும் மாக் வைத்தால், 'சார்ட் ஒரு ஃபங்ஷன் இல்லை' என்று டெஸ்ட் கருவியான ஜெஸ்ட் சிவப்பில் கத்தும்.

மங்கூஸில் ஃபைண்ட் தருவது தரவை அல்ல, ஒரு குவெரி ஆப்ஜெக்டை. சார்ட்டும் லிமிட்டும் அதே ஆப்ஜெக்டையே திருப்பித் தருகின்றன. அவெயிட் போட்டால்தான், அல்லது எக்ஸெக்கைக் கூப்பிட்டால்தான், டேட்டாபேஸுக்கு வேலை போகும். மாக்கும் அப்படியே நடக்க வேண்டும்: நடுவில் வரும் மெத்தடுகளுக்கு மாக்ரிட்டர்ன்திஸ், கடைசி லீனுக்கு மாக்ரிஸால்வ்ட்வேல்யூ. லீனுக்கும் மாக்ரிட்டர்ன்திஸ் போட்டுவிட்டால், அவெயிட் அந்தப் போலி ஆப்ஜெக்டையே கையில் கொடுக்கும். பிழை சில வரிகள் தள்ளி, 'மேப் ஒரு ஃபங்ஷன் இல்லை' என்று வெடிக்கும். தேடுகிறவர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்.

ரீசெட்ஆல்மாக்ஸிடமும் கவனம் தேவை. அது மாக்ரிட்டர்ன்திஸையும் சேர்த்துத் துடைத்துவிடும். அழைப்புக் கணக்கை மட்டும் அழிக்க கிளியர்ஆல்மாக்ஸ் போதும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் பெரிய ஓட்டை ஒன்று மிஞ்சுகிறது. சார்ட்டில் கிரியேட்டட்அட் -1 என்று இருப்பதை யாரோ 1 என்று மாற்றிவிடுகிறார். வாடிக்கையாளருக்குச் சமீபத்திய 10 ஆர்டர்களுக்குப் பதில் மிகப் பழைய 10 ஆர்டர்கள் தெரியும். டெஸ்ட் அப்போதும் பச்சைதான்; போலி, என்ன கேட்டாலும் வைத்திருக்கும் பட்டியலையே நீட்டும். டூஹேவ்பீன்கால்ட்வித் கொண்டு -1ஐச் சரிபார்க்கலாம். ஆனால் அது கோடின் வரியை டெஸ்டில் இன்னொரு முறை எழுதுவதுதான். சரியான ஆர்டர்கள் வருகின்றனவா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

நமக்குச் சொந்தமான டைப்புகளுக்கு மட்டுமே மாக் வைக்க வேண்டும் என்று ஸ்டீவ் ஃப்ரீமனும் நாட் பிரைஸும் 2009இல் வெளிவந்த தங்கள் நூலில் வற்புறுத்தினார்கள். மங்கூஸின் சங்கிலி நம்முடையதல்ல. என்னைக் கேட்டால், அந்தச் சங்கிலி முழுவதையும் தனி ஃபங்ஷன் ஒன்றுக்குள் அடைத்துவிடுவதே நல்லது. சர்வீஸின் டெஸ்டில் அந்த ஒரு ஃபங்ஷனுக்குப் போலி வைத்தால் போதும், ஒரே வரியில் முடிந்துவிடும்.

அந்த ஃபங்ஷனை மட்டும் உண்மையான டேட்டாபேஸில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மாங்கோடிபி-மெமரி-சர்வர் என்ற பேக்கேஜ் டெஸ்டுக்காகத் தற்காலிக மாங்கோ சர்வரை எழுப்பித் தரும். வெவ்வேறு தேதியிட்ட 12 ஆர்டர்களை உள்ளே போட்டு, வருபவை 10தானா, முதலில் நிற்பது புதியதா என்று பார்த்தால் -1, 1 குழப்பம் அங்கேயே பிடிபடும். முதல்முறை மாங்கோ பைனரி இறங்க நேரமாகும். சிஐ சர்வரில் அதை கேஷில் வைத்து, பிஃபோர்ஆலில் சர்வரை டெஸ்ட் ஃபைலுக்கு ஒருமுறை மட்டும் எழுப்பினால் காத்திருப்பு பெருமளவு குறையும்.