சாக்லேட்டில் தோய்த்த உப்புப் பலகாரம்: செய்முறையும் செலவுக் கணக்கும்

நம் சங்க அங்கத்தினர்களின் இல்லங்களில் முறுக்குச் சுடத் தெரியாத தாய்மார்கள் இலர் எனலாம். சேவு, தட்டை, ரிப்பன் பக்கோடா, உப்புக் கடலை ஆகியவையும் அவர்களுக்குக் கைவந்தவையே. அமெரிக்க நாட்டில் பிரெட்சல் என்னும் முடிச்சு வடிவமுள்ள உப்புப் பலகாரத்தைச் சாக்லேட்டில் தோய்த்து விற்பது வழக்கம். அதனைப் பின்பற்றி நம் பெண்மக்களும் முறுக்கையும் கடலையையும் தோய்த்துப் பார்க்கின்றனர். உப்பு, கசப்பை அடக்கி இனிப்பை எடுத்துக் காட்டும் இயல்புடையது. ஆதலின் இச்சேர்க்கை நாவிற்கு உவப்பாகவே இருக்கின்றது. ஆனால் நாவிற்கு உவப்பான பொருள் எல்லாம் தொழிலாகிவிடுவதில்லை. இதனைத் தொழிலாகக் கொள்ள எண்ணும் அங்கத்தினர்கள் முன்னதாக அறிய வேண்டியவற்றை இக்கட்டுரையில் கூறுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் சோழவந்தான் வட்டாரத்தில் ஐந்து சகோதரிகள் கூடி இத்தொழிலைத் தொடங்கினர். நால்வர் தறிக்குடும்பத்தினர்; ஒருவர் வெற்றிலைக் கொடிக்கால் உடையவர். ஜெனகை மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழாவில் விற்பதற்கென 6 கிலோ பலகாரம் செய்ய முடிவு செய்து, செலவுக் கணக்கை எழுதி என்னிடம் காட்டினர். நான் கூட்டலைச் சரிபார்த்தேன், பிழை இல்லை, "நன்று" என்றேன். திருவிழாவின் இரண்டாம் நாள் பிற்பகலில் பலகாரம் முழுவதும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது. "கணக்குச் சரி என்று சொன்னீர்களே, ஐயா" என்று அவர்களுள் மூத்தவர் கேட்டார். அவர்களுடைய கணக்கில் வெயில் எழுதப்பட்டிருக்கவில்லை. அதனையும் எழுதுங்கள் என்று சொல்லும் அறிவு அன்று எனக்கும் இல்லை. அதன் பின்னர் நான் கேட்டும் செய்து பார்த்தும் கற்றவையே இப்பாடம்.

1. பொருளின் இயல்பு

கொக்கோ என்பது தென்னமெரிக்கக் காட்டு மரம் ஒன்றின் கனியிலுள்ள விதை. 1798-ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் இதனைக் குற்றாலத்தில் பயிரிட்டனர். இன்று பொள்ளாச்சி முதலிய இடங்களில் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளர்க்கின்றனர். இவ்விதையைப் புளிக்க வைத்து, உலர்த்தி, வறுத்து, அரைத்தால் கிடைப்பது கொக்கோக் கூழ். அதிலுள்ள கொழுப்பிற்குக் கொக்கோ வெண்ணெய் என்று பெயர். சாக்லேட்டுக்குப் பளபளப்பும், ஒடிக்கும்போது எழும் ஓசையும், வாயிலிட்டவுடன் கரையும் தன்மையும் இந்த வெண்ணெயால் வருகின்றன.

கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் உருகும். நம் உடலின் உஷ்ணமோ 37 டிகிரி. ஆகவேதான் அது வாயில் கரைகின்றது. சித்திரை, வைகாசித் திங்களில் நம் பக்கத்தில் நிழலிலேயே 38 டிகிரி காண்பது இயல்பு. வாயில் கரையும் பொருள் அக்காலத்துக் கடைத்தெருவிலும் கரையும் என்பதில் ஐயமில்லை.

கடைகளில் இருவகைப் பாளங்கள் கிடைக்கும். ஒன்று, கொக்கோ வெண்ணெய் உடைய உண்மைச் சாக்லேட். மற்றொன்று, கொக்கோத் தூளுடன் வேறு தாவரக் கொழுப்புச் சேர்த்தது. இதனை வணிகர்கள் காம்பவுண்டு என்பர். இது விலை குறைவு, சற்று மிகுந்த உஷ்ணத்தைத் தாங்கும், கையாளவும் எளிது. சுவையில் முன்னதற்கு ஈடாகாது. புதிதாகப் பழகுபவர்கள் காம்பவுண்டில் தொடங்குவதே நலம். இரண்டையும் ஒன்றாகக் கலத்தல் ஆகாது. இருவகைக் கொழுப்பும் ஒத்துப்போகாமல் மேற்பூச்சு இளகும், வெளுக்கும்.

மேற்கூறிய சகோதரிகள் உண்மைச் சாக்லேட்டையே வாங்கியிருந்தனர். மினுமினுப்பிற்காக அதில் தேங்காய் எண்ணெயும் விட்டிருந்தனர். தேங்காய் எண்ணெய் 25 டிகிரியிலேயே உருகிவிடுவது. அதனைச் சேர்த்ததால் சாக்லேட் முன்னிலும் விரைவில் இளகியது. எண்ணெயால் வரும் மினுமினுப்பு அடுக்களையில் மட்டுமே நிற்கும், சந்தைவரை வாராது.

2. இரு பகைகள்

வெயில் ஒரு பகை என்பதைக் கண்டோம். மற்றொரு பகை ஈரம். உருகிய சாக்லேட்டில் சில துளி நீர் விழுந்தாலும் அது மணல்போல் திரண்டு இறுகிவிடும். ஈரக்கரண்டி, கொதிநீரின் ஆவி, மூடியின் உட்புறத்தில் தங்கும் வியர்வை ஆகிய மூன்றின் வழியாகவே பெரும்பாலும் நீர் புகும். அவ்வாறு திரண்டதை மறுபடியும் தோய்ப்பதற்குப் பயன்படுத்த இயலாது. சூடான பாலிற் கரைத்துக் குழந்தைகளுக்குப் பானமாகக் கொடுத்துவிடலாம்.

பலகாரத்தில் தங்கிய எண்ணெயும் தீங்கு செய்யும். நன்றாக வடியாத முறுக்கின் எண்ணெய் மெல்ல மெல்ல மேற்பூச்சினுள் ஊறி, சில நாட்களில் சாம்பல் பூத்தாற்போல் வெளுக்கச் செய்யும். இது பூஞ்சணம் அன்று. உண்பதால் கேடும் இல்லை. ஆயினும் வாங்குபவர் அதனைப் பூஞ்சணம் என்றே கருதுவார், மறுமுறை வாங்கமாட்டார்.

3. செய்முறை

முதல் முறை அரைக் கிலோ பலகாரத்திற்கு மேல் செய்தல் வேண்டா.

(அ) சிறிய தேன்குழல், கைவிரல் நீளமுள்ள ரிப்பன் பக்கோடா, வறுத்த உப்புக் கடலை ஆகியவை தோய்ப்பதற்கு ஏற்றவை. பூண்டு, பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றை நீக்குக. உப்பை மாவிலேயே அளவாகச் சேர்க்க. சிறிது மிளகாய்த்தூளோ மிளகுத்தூளோ சேர்ப்பதில் தவறில்லை. புதிய எண்ணெயில் சுடுக; முன்பு காய்ச்சிய எண்ணெயின் சிக்கு வாடையைச் சாக்லேட் மறைக்காது.

(ஆ) சுட்ட பலகாரத்தைத் தாளின்மேல் பரப்பி எண்ணெயை வடிய விடுக. சூடு முற்றும் ஆறும்வரை நான்கு மணி நேரமேனும் காத்திருக்க. பின்னர் எடையிட்டுக் குறித்துக்கொள்க.

(இ) பாளத்தைச் சிறு துண்டுகளாக நறுக்குக. அடிப்பாத்திரத்தில் சிறிது நீரைச் சுடவைத்து அடுப்பை அணைத்துவிடுக. அதன்மேல், நீரைத் தொடாதவாறும் ஆவி மேலெழாதவாறும் பொருந்தும் உலர்ந்த கிண்ணத்தை வைத்து, துண்டுகளை இட்டு, உலர்ந்த கரண்டியால் கிளறுக. மூடி போடலாகாது. மரக்கரண்டி ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். ஆகையால் எவர்சில்வர்க் கரண்டியே நல்லது. உஷ்ணம் 45 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்க. சமையல் உஷ்ணமானி ஒன்று வாங்கும் செலவு வீண்செலவன்று.

(ஈ) காம்பவுண்டாயின் உருகியதும் தோய்க்கலாம். உண்மைச் சாக்லேட்டாயின் பதப்படுத்தல் வேண்டும். அஃதாவது, நான்கில் மூன்று பங்கை மட்டும் உருக்கி, கிண்ணத்தை இறக்கி, அடியைத் துடைத்துவிட்டு, எஞ்சிய ஒரு பங்கைச் சிறிது சிறிதாக இட்டுக் கிளறி ஆற்றுதல். கறுப்புச் சாக்லேட் 31 அல்லது 32 டிகிரிக்கும், பால் சாக்லேட் 29 அல்லது 30 டிகிரிக்கும் வரும்போது பதம். கத்தி முனையில் சிறிது தொட்டு வைத்தால், குளிர்ந்த அறையில் ஐந்து நிமிடத்தில் பளபளப்புடன் இறுக வேண்டும். அறையே 30 டிகிரிக்கு மேல் வெம்மையாயிருந்தால் இவ்வேலையைத் தொடங்காதீர்கள். மார்கழி விடியற்காலையில் எளிதாக முடிவது, பங்குனி நண்பகலில் முடியாது.

(உ) முள்கரண்டியால் பலகாரத்தை ஒவ்வொன்றாகத் தோய்த்து, கிண்ணத்தின் விளிம்பில் தட்டி, மிகுதியை வழியவிட்டு, வெண்ணெய்த்தாளின்மேல் வைக்க. பாதி மட்டும் தோய்த்தால் செலவு குறையும். உள்ளே இருப்பது முறுக்கு என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

(ஊ) குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதாயின் பத்து நிமிடம் போதும். நெடுநேரம் வைத்து வெளியே எடுத்தால் மேலே வியர்த்துவிடும். அவ்வீரத்தால் முறுக்கு நமுத்துப்போகும். நன்கு இறுகியபின் காற்றுப் புகாத டப்பாவில் அடுக்குக.

4. காலம் அறிதல்

மார்கழி, தை, மாசி ஆகிய மூன்று திங்களே நம் சமவெளியில் இத்தொழிலுக்கு உரியவை. ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரத்தால் பாவு காயாமல் தறி ஓய்ந்திருக்கும். கை ஓய்வாயிருக்கின்றதே என்று அப்பொழுது பெரிய அளவில் செய்யத் தோன்றும். ஆனால் அவ்வீரமே பலகாரத்தையும் நமுக்கச் செய்யும். அக்காலத்தில் சிறிதளவு செய்து பழகிக் கைப்பதம் அறிந்துகொள்ளலாம்.

கோடையில் என் செய்வது? நம் முன்னோர் வழி இருக்கின்றது. தெற்கத்தி மாவட்டங்களில் சேவை வெல்லப்பாகிலோ கருப்பட்டிப் பாகிலோ புரட்டி இனிப்புச் சேவு செய்கின்றனர். வெல்லத்தைச் சிறிது நீரிற் கரைத்து வடிகட்டிக் காய்ச்சி, தண்ணீரில் விட்டால் கையில் உருட்ட வரும் பதத்தில் சுக்குத்தூள் சேர்த்து, சேவின்மேல் ஊற்றி விரைவாகப் புரட்டினால், பாகு உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். உப்பும் இனிப்பும் ஒன்றாய்த் தோய்வது இங்கும் உண்டு. சாக்லேட் உருகும் வெயிலில் இது உருகுவதில்லை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதன் பிடிப்பும் வெல்லப்பாகுதான். ஆகவே குளிர்காலத்தில் சாக்லேட், கோடையில் வெல்லம் என்று மாற்றிக்கொண்டால், ஒரே அடுப்பில் ஆண்டின் பெரும்பகுதிக்கும் தொழில் உண்டு.

5. செலவுக் கணக்கு

கணக்கு எழுதும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். விலைகள் விளக்கத்திற்காகக் கொண்டவை. அவரவர் வாங்கும் விலையை இட்டுக்கொள்க.

முறுக்கு 500 கிராமுக்கு மாவு, எண்ணெய், எரிபொருள் ரூ. 120. கிலோ ரூ. 400 வீதம் காம்பவுண்டு 350 கிராமுக்கு ரூ. 140. இதில் 300 கிராம் முறுக்கில் ஏறும். 50 கிராம் கிண்ணத்திலும் தாளிலும் ஒட்டிச் சேதமாகும். ஆகக் கிடைப்பது 800 கிராம், அதாவது 100 கிராம் பொட்டலம் 8. உறையும் சீட்டும் ஒன்றுக்கு ரூ. 4 வீதம் ரூ. 32. இதுவரை மொத்தம் ரூ. 292, பொட்டலம் ஒன்றுக்கு ரூ. 36.50.

பலரும் இத்துடன் கணக்கை முடித்து, ரூ. 45-க்கு விற்று, ரூ. 8.50 இலாபம் என்று மகிழ்கின்றனர். உழைத்த மூன்று மணி நேரம் எங்கே? எட்டுப் பொட்டலம் விற்ற தொகை ரூ. 360. செலவு போக மிச்சம் ரூ. 68. அதாவது மணிக்கு ரூ. 23 கூடக் கிடைக்கவில்லை. மணிக்கு ரூ. 60 கூலி வேண்டுமாயின் ரூ. 180 சேர்த்து மொத்தம் ரூ. 472, பொட்டலம் அடக்கவிலை ரூ. 59. அதற்கு மேல் விற்றால்தான் இலாபம். தறியில் நெய்யும்போது ஒரு முழத்திற்கும் கூலி கேட்கும் நாம், அடுப்படியில் நிற்கும் கைகளுக்குக் கூலி எழுதாமல் விடுவது முறையன்று.

6. சீட்டும் சொல்லும்

வீட்டில் செய்து விற்பவரும் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இன்படி பதிவுச் சான்று பெறுதல் வேண்டும். பொட்டலத்தின் சீட்டில் எடை, செய்த நாள், எந்நாள் வரை உண்ணலாம் என்பது, சேர்ந்த பொருள்கள் ஆகியவற்றைக் குறிக்க. கடலை சேர்ந்திருந்தால் அதனைத் தெளிவாக எழுதுக; கடலை ஒவ்வாதவர்க்கு அஃது உயிரைப் பற்றிய செய்தி. காம்பவுண்டில் தோய்த்ததற்குச் சாக்லேட் என்று பெயரிடலாகாது. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர்களும் பிறருமாக 28 பேர் கூடித் திறந்த கூட்டுறவுக் கடை, கலப்படமற்ற சரக்கும் குறையாத எடையும் கொடுத்தே பெயர் பெற்றது. நம் சீட்டிலும் அந்த நாணயம் விளங்க வேண்டும்.

7. விற்பனை முதலில்

1979-ஐ ஒட்டிக் கொக்கோ விலை சரிந்து தனியார் கொள்முதலிலிருந்து விலகியபோது, கர்நாடக, கேரள விவசாயிகள் காய்களை என்ன செய்வதென்று அறியாது திகைத்தனர். 1973-இல் மங்களூரில் பாக்கு விவசாயிகளுக்காகத் தோன்றிய காம்ப்கோ கூட்டுறவுச் சங்கம் முன்வந்து கொக்கோவையும் வாங்கியது. 1986-இல் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலையும் கண்டது. விளைத்த பின் வாங்குவோரைத் தேடுவதன் துன்பத்தையும், கூட்டாக நிற்பதன் வலிமையையும் இதனால் அறியலாம். நாமும் முதலில் பத்து வீடுகளிலும் இரண்டு கடைகளிலும் கேட்டு, எத்தனைப் பொட்டலம் வேண்டும் என்று குறித்துக்கொண்டு, அதன் பின்னர் அடுப்பை மூட்டுவோமாக.

இத்தொழிலுக்குச் சங்கத்தில் கடன் கேட்க எண்ணும் அங்கத்தினர்கள், அரைக் கிலோ வீதம் மூன்று முறை செய்து, எடை, சேதம், உழைத்த நேரம், விற்ற நாள், அன்றைய உஷ்ணம் ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருக. அந்தச் சகோதரிகள் ஐவரும் மறு தை மாதத்தில் அவ்வாறே ஒரு நோட்டுடன் வந்தனர். உஷ்ணத்திற்கெனத் தனிப்பத்தி ஒன்று அதில் கோடிட்டிருந்தது. அம்முறை நான் கூட்டலைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பத்தியைப் பார்த்தேன்.