எண்ணிக்கைக்கு அப்பால்

ஓர் உயிரினம் குறைந்துவிட்டதைத் தலையெண்ணி அறியலாம். ஏன் குறைந்தது, அடுத்து எது குறையும் என்பவற்றை அறிய அதன் உடலமைப்பு, உணவு, இடப்பெயர்ச்சி, இனப்பெருக்கம் முதலியவற்றை ஆராய வேண்டும். இவற்றையே உயிரினப் பண்புக்கூறுகள் என்பர். 2013இல் அறிவியலாளர்கள் முன்மொழிந்த இன்றியமையாப் பல்லுயிர் மாறிகளின் ஆறு வகைகளுள் இதுவும் ஒன்று.

திண்டுக்கல் மாவட்டத்தின் மேற்கே தொப்பம்பட்டிச் சமவெளியில் வாழ்வோருள் பலர், கிழக்கே அய்யலூர்க் காடுகளில் வாழும் தேவாங்கைக் கண்டிருக்கமாட்டார்கள். அது இரவில் இயங்குவது. பூச்சிகளைப் பெரிதும் உண்பது. ஓர் ஈற்றில் ஒன்றோ இரண்டோ குட்டிகளே ஈனுவது. தாவும் இயல்பும் அதற்கில்லை. மறுகிளையைப் பற்றிய பின்னரே முன்கிளையை விடும். குரங்கு எளிதில் தாண்டும் இடைவெளி, தேவாங்குக்குக் கடத்தற்கரிய எல்லையாகும். தரையிறங்கினால் நாய்க்கும் வாகனத்திற்கும் பலியாகும். பூச்சிக்கொல்லி அதன் உணவைக் குறைக்கும். இழப்பை விரைந்து ஈடுசெய்ய அதன் இனப்பெருக்கமும் உதவாது. அதன் கண்ணில் மருந்துண்டு என்னும் மூடநம்பிக்கை வேறு! அப்பெருவிழி இருளில் இரைதேட அமைந்த பண்புக்கூறே அன்றி மருந்தன்று.

2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் இது. அங்கே மரங்கள் எத்தனை என்பதைவிட, அவற்றின் கிளைகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்பதே முதன்மையான வினா. ஒருமுறை கண்டு எழுதியது தொடக்கக் குறிப்பு மட்டுமே. அதே இடத்தில், அதே முறையில், ஆண்டுதோறும் இரவில் விளக்கேந்திச் சென்று, எந்த மரத்தில், எவ்வளவு உயரத்தில், எதை உண்டது எனப் பதிந்தால்தான் மாற்றம் புலப்படும்.