சவுலின் கவசம் உங்களுக்குப் பொருந்துமா?

வேத பாடம்: 1 சாமுவேல் 17:38-40



சில வருஷங்களுக்கு முன்பு ஒரு கன்வென்ஷன் முடிந்த மறுவாரம் சபையில் சாட்சி சொன்னேன். கன்வென்ஷனில் பேசிய ஊழியக்காரரைப் போலவே குரலை உயர்த்தினேன். அவரைப் போலவே கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தேன். ஆராதனை முடிந்ததும் ஒரு வயதான தாயார் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இன்னைக்கு நீங்க பேசவே இல்லையே! வேற யாரோ இல்ல பேசினாங்க" என்றார்கள். எனக்கு வெட்கமாய்ப் போயிற்று.

1. இரவல் கவசம்

சவுல் கொடுத்தது மட்டமான பொருள் அல்ல, ராஜாவின் கவசம். ஆனாலும் பழகாத அதைப் போட்டுக்கொண்டு தாவீதால் நடக்க முடியவில்லை. கழற்றி வைத்தான். தான் வித்தியாசமானவன் என்று காட்டுவதற்காக அல்ல. ஆடு மேய்த்த நாட்களில் கை பழகியது கவண்தான் என்று அவனுக்குத் தெரியும்.

2. நம்ம ஊர் சுரங்கம்

இதற்கு உதாரணம் தேடி தூரம் போக வேண்டாம். நெய்வேலியில் 1957ல் சுரங்க வேலை தொடங்கியது. மேல்மண்ணை வெட்ட ஜெர்மனியிலிருந்து பக்கெட் வீல் இயந்திரங்கள் வந்தன. அவை மிருதுவான மண்ணுக்குச் செய்யப்பட்டவை. இங்கே நிலக்கரிக்கு மேலே இருப்பதோ கடினமான மணற்பாறை. இயந்திரத்தின் பற்கள் சீக்கிரமே தேய்ந்தன. அதற்காக இயந்திரத்தை வேண்டாமென்று தள்ளவில்லை. முதலில் வெடி வைத்துப் பாறையைத் தளர்த்தினார்கள். பற்களையும் இந்த மண்ணுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை ராப்பகலாய் பம்ப் வைத்து இறைத்தார்கள். 1961ல் நிலக்கரி வெளியே தெரிந்தது.

பிறரிடம் கற்றுக்கொள்வது தப்பில்லை. கற்றதை நம்ம மண்ணுக்கு ஏற்றபடி மாற்றாமல் அப்படியே போட்டுக்கொள்வதுதான் தப்பு.

3. நம்முடைய வீட்டில்

"அடுத்த பிளாக் பையனைப் பாரு, எப்படிப் படிக்கிறான்!" இதை எத்தனை தரம் சொல்லியிருப்போம்? பழுதான மின்விசிறியைப் பிரித்து ஓட வைக்கிற பிள்ளை நம்ம வீட்டிலேயே இருப்பான். அவன் கையிலிருக்கும் கவணைப் பிடுங்கிவிட்டு, வேறொருவனுடைய கவசத்தை மாட்டிவிடுகிறோம். அவன் நடக்க முடியாமல் நிற்கும்போது சோம்பேறி என்கிறோம். பெற்றோரே, இது சின்னக் காரியமல்ல. பிள்ளையின் மனசு உடைந்துபோகும்.

இன்னொரு பக்கமும் உண்டு. எல்லாரையும் மட்டம்தட்டி, "நான் தனி ரகம்" என்பது தனித்தன்மை அல்ல, பெருமை.

சிந்திக்க:

* என் ஜெபத்தில் என் சொந்த வார்த்தைகள் எத்தனை?
* என் பிள்ளையின் கை எதில் பழகியிருக்கிறது?

நம்மைத் தனித்தனியாய் உருவாக்கின தேவன், நம் கையில் தந்ததை உணர்ந்து உபயோகிக்கக் கிருபை செய்வாராக. ஆமென்.