தகரக் கூரையின் மேல் சூரிய மின்பலகை

பட்டறை, கிடங்கு, அரிசி ஆலை ஆகியவற்றின் உரிமையாளர்கள் சூரிய மின்சக்திக் கடனுக்காக அளிக்கும் விலைப்புள்ளிகளில் ஒரு செய்தி பெரும்பாலும் விடுபட்டிருக்கும். பலகையின் திறன், இன்வெர்ட்டரின் வகை, உத்தரவாத ஆண்டுகள் ஆகிய யாவும் இருக்கும். அவற்றைத் தாங்கப்போகும் கூரையைப் பற்றி ஒரு வரிகூட இராது. பலகைகளுக்கு வழக்கமாக 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம் தரப்படுகிறது. அடியிலுள்ள தகடோ ஏற்கெனவே பதினைந்து மழைக்காலங்களைக் கண்டு துருவேறியிருக்கலாம். அவ்வாறாயின் கடன் தீருமுன்னரே பலகைகளை இறக்கி, கூரையை மாற்றி, மீண்டும் ஏற்ற நேரிடும். அச்செலவை முன்கூட்டியே எவரும் கணக்கிட்டுத் தருவதில்லை.

கூரை பாரம் தாங்குமா என்பதே பலரும் முதலில் கேட்கும் கேள்வி. 10 கிலோவாட் அமைப்புக்கு 540 வாட் பலகைகள் 19 தேவைப்படும். சட்டங்களையும் சேர்த்து மொத்த எடை ஏறத்தாழ 600 கிலோ. பரப்பு சுமார் 50 சதுர மீட்டர். ஆகவே சதுர மீட்டருக்கு 12 கிலோ அளவே சுமை ஏறுகிறது. இதனைப் புறக்கணிக்கலாகாது, பர்லினும் டிரஸ்ஸும் இக்கூடுதல் சுமைக்குப் போதுமானவையா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் சான்றளிக்க வேண்டும். ஆயினும் உண்மையான பகை, மேலிருந்து அழுத்தும் எடையன்று; கீழிருந்து தூக்கும் காற்று.

காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிர்ணயமாகிய ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, நாட்டை அடிப்படைக் காற்றுவேகத்தின்படி பிரிக்கிறது. பெங்களூருவுக்கு நொடிக்கு 33 மீட்டர், மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் 39, மும்பைக்கு 44, சென்னை, கொல்கத்தா, புவனேசுவரம் ஆகியவற்றுக்கு 50. காற்றழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், பெங்களூருவில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 65 கிலோவாக இருப்பது சென்னையில் 150 கிலோவைத் தாண்டுகிறது. இது அடிப்படைக் கணக்கே. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் உறிஞ்சு விசை மேலும் கடுமையாகும். 12 கிலோ எடை 150 கிலோ இழுப்பை எவ்வாறு தடுக்கும்? 2019 மே 3 அன்று பூரிக்கு அருகே கரையேறிய ஃபானி புயல் தகரக் கூரைகளைப் பெயர்த்தெறிந்ததை ஒடிசா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே பலகைகளைக் கூரையின் சரிவுக்கு இணையாகவே படியவைத்து, ஓரங்களில் இடம் விட்டுப் பொருத்துவது நன்று. சற்றே மிகுதியான மின்சாரத்துக்காகச் சாய்வை உயர்த்துவது, கடலோரத்தில் பாய்மரம் விரிப்பதற்கு ஒப்பாகும்.

அந்த இழுப்பு எவ்வழியே இறங்குகிறது என்பதையும் கேட்டறிய வேண்டும். குறுஞ்சட்டத்தைத் தகட்டின்மீது மட்டும் திருகினால், அரை மில்லிமீட்டர் தகடும் அதனைப் பர்லினோடு பிணைத்துள்ள பழைய திருகுகளுமே முழு விசையையும் ஏற்கின்றன. இயன்றவரை பிடிமானம் பர்லினையே சென்று சேர்வது பாதுகாப்பு. திருகு தகட்டின் மேட்டில் இறங்க வேண்டும். மழைநீர் ஓடும் பள்ளத்தில் இறங்கலாகாது. ரப்பர் வளையம் சற்றே அமுங்கும் அளவுக்கு முடுக்கினால் போதும். பிதுங்குமளவு முடுக்கினால் சில ஆண்டுகளில் வெடித்து ஒழுகும். நிமிர்ந்த மடிப்பு இணைப்புடைய கூரையாயின் துளையே வேண்டா. மடிப்பைப் பற்றும் கவ்விகள் உள்ளன.

துளையிடும்போது சிதறும் இரும்புத் துகள்களை அன்று மாலையே பெருக்கி அகற்றுமாறு கேளுங்கள். இரவுப் பனியில் அவை துருப்பிடித்து, வண்ணப்பூச்சையும் கெடுத்துவிடும். இடிதாங்கியின் செம்புக் கம்பி துத்தநாகம் பூசிய தகட்டைத் தொடலாகாது. தொட்ட இடம் விரைவில் அரிக்கப்படும்.

வெப்பமும் தன் பங்கைச் செய்கிறது. வெப்பநிலை 40 பாகை மாறும்போது 10 மீட்டர் அலுமினியச் சட்டம் 9 மில்லிமீட்டர் நீளும். எஃகுத் தகடோ 5 மில்லிமீட்டர்தான். இந்த வேறுபாடு நாள்தோறும் திருகுத் துளையை அசைத்துப் பெரிதாக்குகிறது. எனவே நீண்ட சட்டங்களை இடைவெளி விட்டு, துண்டுகளாகவே பொருத்த வேண்டும். பலகைக்கு அடியில் காற்றோட்டமும் தேவை. 25 பாகைக்கு மேல் பலகை சூடேறும் ஒவ்வொரு பாகைக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறைகிறது.

வண்ணம் பூசிய கல்நார் சிமென்ட் தகட்டைத் தகரமென மயங்குவோர் உளர். அது நொறுங்கும் இயல்பினது. துளையிட்டால் எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு. அத்தகைய கூரையை மாற்றிய பின்னரே பலகையைப் பற்றி எண்ண வேண்டும்.

2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூர்ய கர் திட்டத்தின் மானியம், 3 கிலோவாட்டுக்கு உச்ச அளவாக 78,000 ரூபாய், வீடுகளுக்கே உரியது. பட்டறைகளுக்கும் ஆலைகளுக்கும் பொருந்தாது. கடன் விண்ணப்பத்துடன் பொறியாளரின் சான்றையும், கூரையைச் செப்பனிடும் மதிப்பீட்டையும் சேர்த்தே அளியுங்கள்; பின்னர் தனியே பணம் தேடும் நிலை வராது. துளையிட்டால் தகட்டு உற்பத்தியாளரின் உத்தரவாதம் நீடிக்குமா என்பதை எழுத்தில் பெறுங்கள். கட்டடக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். நிறுவுநருக்குரிய தொகையில் ஒரு பகுதியை முதல் மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவைக்க ஒப்பந்தத்தில் இடமிருந்தால், அடைமழை பெய்யும் ஒரு நாளில் ஷெட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு மிகுதியைக் கொடுக்கலாம்.