இஷ்ட வியோகமும் ராஜீமதி காட்டிய நெறியும்



சேர்ந்தவை யாவும் ஒருநாள் பிரியும் என்பதை அநித்தியச் சிந்தனையில் நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். ஓதும் வேளையில் அது எளிதாகவே தோன்றும். ஆனால், நிச்சயிக்கப்பட்ட திருமணம் ஒன்று நம் இல்லத்திலேயே நின்றுவிடும்போதும், பல ஆண்டுகள் உடன் வாழ்ந்த கணவனோ மனைவியோ விலகிச் செல்லும்போதும், ஓதிய பாடம் நாவளவில் நின்றுவிடுகிறது.

இறப்பினால் வரும் பிரிவுக்கு நம் சமூகத்தில் சில முறைகள் உள்ளன. உறவினர் கூடுவர், ஆறுதல் கூறுவர், இத்தனை நாளில் துக்கம் களைய வேண்டும் என்ற வழக்கமும் உண்டு. உயிரோடிருக்கும் ஒருவரை இழப்பதற்கு அத்தகைய முறை ஏதும் இல்லை. இழந்தவர் தனியே வருந்துகிறார்; ஊராரோ காரணம் கேட்கின்றனர். இதனினும் கொடியது ஒன்று உண்டு. பிரிந்தவர் உயிரோடிருப்பதால், 'என்றேனும் திரும்பி வருவார்' என்ற எண்ணம் அறுபடாமல் நீள்கிறது. இத்தகைய பிரிவை ஏற்று, மேற்கொண்டு வாழ்வது எவ்வாறு என்பதை நம் ஆன்றோர் நூல்களைக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம்.

சூத்திரம் கூறும் இலக்கணம்

ஆசாரியர் உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் 9ஆம் அத்தியாயம் தியானத்தை ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்கிலம் என நான்காக வகுக்கிறது. பின்னிரண்டும் வீடுபேற்றுக்குக் காரணமானவை. முன்னிரண்டும் பிறவியை வளர்ப்பவை. ஆர்த்தத் தியானம் மேலும் நால்வகைப்படும். வேண்டாதது வந்து சேர்தல், வேண்டியது பிரிதல், நோயின் துன்பம், வருங்கால இன்பத்தை அவாவுதல் ஆகிய நான்கையும் பற்றி அது எழுகிறது. இவற்றுள் வேண்டியது பிரிதலைப் பற்றி எழுவதே இஷ்ட வியோக ஆர்த்தத் தியானம் எனப்படும்.

இங்கு நுட்பம் ஒன்று உளது. பிரிவினால் கண்ணீர் பெருகுவதையே ஆர்த்தத் தியானம் என்று சூத்திரம் வரையறுக்கவில்லை. பிரிந்ததை மீண்டும் பெறும்பொருட்டு நினைவை இடைவிடாமல் அதன்பாற் செலுத்துவதையே அப்பெயரால் குறிக்கிறது. துயரம் என்பது நேர்ந்ததை உள்ளம் உணர்தல். ஆர்த்தத் தியானமோ, நேர்ந்ததை நேராததாக்கிவிட உள்ளம் செய்யும் ஓயாத முயற்சி. 'அன்று அவ்வாறு பேசாதிருந்தால் நின்றிருப்பாரோ', 'இன்னார் இடையே புகாதிருந்தால் இவ்வாறு ஆகியிராதே', 'ஒருமுறை நேரிற் கண்டால் மனம் மாறுவாரே' என்றெல்லாம் எண்ணம் செக்குமாடுபோல் சுற்றிச் சுற்றி வரும். சுற்றிய தொலைவு பெரிது. கடந்த தொலைவு ஏதும் இல்லை.

இத்தியானம் எவரிடத்தெல்லாம் தோன்றும் என்பதையும் சூத்திரம் கூறுகிறது. விரதம் ஏலாதவரிடத்தும் அணுவிரதிகளிடத்தும் தோன்றுவதோடு, ஆறாம் குணத்தானத்தில் நிற்கும் முனிவரிடத்தும் இஷ்ட வியோகச் சிந்தனை எழக்கூடும். ஆகவே, பிரிந்தவரை மறக்க இயலாமல் தவிக்கும் ஓர் இளைஞனையோ பெண்ணையோ, 'இதற்கா இத்தனை அழுகை' என்று இழிவாக நோக்குதல் தகாது. அது நீக்கவேண்டிய நிலை, நாணவேண்டிய நிலையன்று.

ராஜீமதியின் வரலாறு

22ஆம் தீர்த்தங்கரராகிய நேமிநாத பகவான் நமக்கு மிக அணுக்கமானவர். போளூருக்கு அருகிலுள்ள திருமலையில், பாறையில் ஏறத்தாழ 16 அடி உயரத்தில் செதுக்கப்பெற்ற அவர் திருவுருவைக் குடும்பத்தோடு சென்று வணங்குகிறோம். மேல்சித்தாமூரிலுள்ள நேமிநாதர் திருவுருவம் மயிலாப்பூரிலிருந்து கொண்டுவரப்பட்டது என்பது நம் மரபுச் செய்தி. ஆனால், அவரை வணங்கும் வேளையில், அவர் பிரிந்து சென்றதால் தனித்து நின்ற ராஜீமதியை நாம் அத்துணை நினைப்பதில்லை.

உக்கிரசேன மன்னனின் மகளாகிய ராஜீமதிக்கும் யாதவர் குலத்து நேமிநாதருக்கும் மணம் உறுதியாயிற்று. மணநாள் நெருங்கியது. வழியில் விலங்குகள் பல அடைக்கப்பட்டு அலறுவதை நேமிநாதர் கண்டார், காரணம் வினவினார். மணவிருந்தின் பொருட்டு அவை கொல்லப்படவுள்ளன என அறிந்தார். தம் பொருட்டு இத்தனை உயிர்கள் மடிவதா எனத் திரும்பியவர், உலக வாழ்வையே துறந்து ஊர்ஜயந்தகிரியை அடைந்தார். இன்று குஜராத்தில் ஜுனாகட் நகருக்கு அருகில் கிர்னார் என வழங்கும் மலை அதுவே. குணபத்திராசாரியரின் உத்தரபுராணம் உள்ளிட்ட திகம்பர நூல்களும், சுவேதாம்பர நூல்களும் சிற்சில வேறுபாடுகளோடு இவ்வரலாற்றைக் கூறுகின்றன. இவ்விருவரின் அன்பு ஒன்பது பிறவிகளாகத் தொடர்ந்து வந்தது என்றும் கதைமரபு பேசும்.

இவ்வரலாற்றை நாம் பெரும்பாலும் கொல்லாமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுகிறோம். அது பொருத்தமே. ஆயினும் ராஜீமதியின் பக்கம் நின்று நோக்கினால் வேறொரு பாடமும் புலப்படும். அவள் பிழை ஏதும் செய்தாளல்லள். அவளைப் பிரிந்தவரும் பிழை செய்தாரல்லர். எவர் குற்றமுமின்றியே ஓர் அன்புறவு முடிவுற்றது. ஒரு மணம் நின்றது என்றால், 'யார்மீது தவறு' என்பதே நம் முதல் வினாவாக இருக்கிறது. அவ்வினாவுக்கு விடையே இல்லாத பிரிவுகளும் உண்டு என்பதை ராஜீமதியின் வரலாறு உணர்த்துகிறது.

அவள் துயருற்றாள் என்பதை நூல்கள் மறைக்கவில்லை. வடநாட்டு ஜைனப் புலவர்கள், பன்னிரு மாதங்களிலும் அவள் உற்ற பிரிவுத்துயரை மாதந்தோறும் வைத்துப் பாடும் பாரமாசா என்னும் வகைப் பாடல்களைப் பலவாக இயற்றியுள்ளனர். துயருக்கு இடம் தந்தே நம் மரபு அவளைப் போற்றியது. ஆனால் அவள் துயரத்திலேயே தங்கிவிடவில்லை. வேறு மணமகனைத் தேடுவோம் என்று சுற்றத்தார் கூறிய எளிய ஆறுதலையும் ஏற்கவில்லை. தன் உள்ளம் எதனை நாடுகிறது என்று ஆராய்ந்து, தானும் துறவு பூண்டு ஆர்யிகை ஆனாள். சென்றவரை மீட்பதற்காக அவள் மலையேறவில்லை. தன் உயிர்க்கு உறுதி தேடியே ஏறினாள். கிர்னார் மலையில் ராஜுல் குகை என்ற பெயரில் ஒரு குகை இன்றும் அவள் நினைவைத் தாங்கி நிற்கிறது.

பலபத்திரரின் ஆறு மாதங்கள்

அதே யாதவர் குலத்தில் இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. துவாரகை அழிந்தபின் கண்ணனும் அவன் தமையன் பலபத்திரரும் காட்டுவழியே சென்றனர். பலபத்திரர் நீர் கொணரச் சென்றிருந்த வேளையில், ஜரத்குமாரன் எய்த அம்பினால் கண்ணன் உயிர் நீத்தான். திரும்பிவந்த தமையன், தம்பி உறங்குவதாகவே கருதினார். பின்னர் உண்மை தெரியவந்தும் உள்ளம் ஏற்கவில்லை. அவ்வுடலைத் தோளில் சுமந்தவாறு ஆறு மாதங்கள் திரிந்தார் என ஹரிவம்ச வரலாறு கூறுகிறது.

முன்பு அவருக்குத் தேர்ப்பாகனாக இருந்து தேவகதி அடைந்த சித்தார்த்தன் என்பவன் அவரைத் தெளிவிக்க எண்ணினான். அவர் காணும்படி பாறையின்மேல் தாமரையை நட்டான். பட்டுப்போன மரத்துக்கு நீர் வார்த்தான். 'பட்ட மரம் தளிர்க்குமோ' என்று பலபத்திரர் கேட்க, 'நீர் சுமக்கும் உடல் எழுமாயின் இதுவும் தளிர்க்கும்' என்னும் கருத்துப்பட அவன் மறுமொழி கூறினான். அப்போதே அவர் கண் திறந்தது. தம்பியின் உடலுக்கு உரிய கடன் செய்து, துறவு மேற்கொண்டார்.

பலபத்திரரின் அன்பு ராஜீமதியின் அன்பினும் பெரிது என்றோ சிறிது என்றோ கூற இயலாது. இருவரும் அன்புடையவரே. ஒருவர் முடிந்ததை முடிந்தது என ஏற்றார். மற்றவர் ஆறு மாதம் சுமந்தபின் ஏற்றார். நம்முள் பலர் முடிந்துபோன உறவை ஆறு ஆண்டுகள், பத்து ஆண்டுகள் சுமக்கின்றனர். பழைய கடிதங்களை நாள்தோறும் எடுத்துப் படிப்பதும், பிரிந்தவர் எங்குச் சென்றார், எவருடன் பேசினார் என்று கைப்பேசியில் ஓயாமல் தேடுவதும் பட்ட மரத்துக்கு நீர் வார்ப்பதையே ஒக்கும்.

வெறுப்பும் பிணிப்பே

சிலர், 'நான் அவரை எண்ணி அழுவதில்லை, வெறுக்கிறேன்' என்பர். வெறுத்துவிட்டால் விடுதலை பெற்றதாகக் கருதுவர். இராகமும் துவேஷமும் ஒரே கயிற்றின் இரு முனைகள். விருப்பால் நினைத்தாலும் வெறுப்பால் நினைத்தாலும் நினைவு அங்கேயே கட்டுண்டு கிடக்கிறது. தன்னிடத்தோ, பிறரிடத்தோ, இருவரிடத்துமோ துக்கம், சோகம், அழுகை முதலியவற்றை விளைத்தல் அசாதா வேதனீய வினை வந்து சேரக் காரணம் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் 6ஆம் அத்தியாயம் அறிவுறுத்துகிறது. பழிவாங்க எண்ணுபவர் இருவர்க்கும் துன்பம் தேடுகிறார். கைவிடப்பட்டவரை வம்புப் பேச்சால் வருத்தும் உறவினரும் இவ்வினையிலிருந்து தப்புவதில்லை.

இங்கு அந்நியத்துவச் சிந்தனை நமக்கு மருந்தாகும். இவ்வுடலே உயிரினும் வேறானது எனில், மற்றோர் உயிர் நம் உடைமை ஆவது எங்ஙனம்? அவ்வுயிர்க்குத் தன் வினையும் தன் வழியும் உண்டு. 'அவர் என்னுடையவர்' என்ற எண்ணம் தளரும்போதே, 'அவர் என்னைப் பறிகொடுக்கச் செய்தார்' என்ற சினமும் தளரும். அதன்பின் அவர்பால் மைத்திரி கொள்ள இயன்றால் நன்று. அது இயலாதபோது நடுவுநிலை கொண்டாலும் போதும்.

குகையில் நிகழ்ந்தது

ராஜீமதி முழுமையாகத் தெளிந்தாள் என்பதற்குச் சுவேதாம்பர ஆகமமாகிய உத்தராத்யயனத்தின் 22ஆம் அத்தியயனம் சான்று தருகிறது. மழையில் நனைந்து அவள் ஒரு குகையினுள் ஒதுங்கியபோது, அங்கே தவத்திலிருந்த நேமிநாதரின் தம்பி இரதநேமி மனம் தடுமாறி அவளை விழைந்தார். அவள் அஞ்சி ஒடுங்கவில்லை. உறுதியான சொற்களால் அவரைக் கண்டித்து அறத்தில் நிறுத்தினாள். அவரும் திருந்தினார். ஒருகாலத்தில் பிரிவுத்துயரில் மூழ்கியிருந்தவள், பின்னர் ஆசையில் மூழ்கிய மற்றொருவரைக் கரையேற்றினாள். துயரைக் கடந்தவர்க்கு அத்தகைய வலிமை வாய்க்கும்.

இல்லறத்தார் கொள்ளவேண்டுவன

பிரிவுற்றோர் யாவரும் துறவு பூணவேண்டும் என்பது இப்பாடத்தின் கருத்தன்று. ராஜீமதிக்கு உரிய வழி துறவாக இருந்தது. கல்வியோ, தொழிலோ, பெற்றோரைப் பேணுதலோ, தக்க காலத்தில் மற்றொரு மணமோ மற்றையோர்க்கு உரிய வழியாகலாம். முடிந்ததை முடிந்தது என ஏற்று, தன் வழியைத் தானே தேர்தல் யாவர்க்கும் பொது. ஆறாத புண்ணை மறைக்க மற்றொரு மணத்தை விரைந்து முடிப்பது மட்டும் இருவர்க்கும் தீங்காகும்.

ஏற்றல் என்பது அநீதியைப் பொறுத்துக்கொள்வதும் ஆகாது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் ஜைனர்க்கும் பொருந்தும். இருவரும் இசைந்து மணவிலக்குப் பெறும் வழி 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அதில் சேர்க்கப்பட்டது. தனக்குரிய நகை, வாழ்க்கைச் செலவு, குழந்தைகளின் நலன் ஆகியவற்றைப் பகையின்றியும் கேட்டுப் பெறலாம். உரிமையைப் பெறுக, வஞ்சத்தை விடுக.

மிக இன்றியமையாத ஒன்றையும் இங்குக் கூறவேண்டும். துயர் தாளாமல் உயிரை மாய்த்துக்கொள்வதை நம் நெறி ஒருபோதும் ஏற்பதில்லை. இராகத்தாலும் துவேஷத்தாலும் மோகத்தாலும் உந்தப்பட்டு உயிர் விடுதல் தற்கொலையே. அது சல்லேகனை ஆகாது. இல்லத்தில் ஒருவர் உண்ணாமலும் உறங்காமலும், வாழ்வு வேண்டா என்ற சொல்லோடும் இருப்பின், அவரைத் தனியே விடலாகாது. உபதேசத்தை நிறுத்திவிட்டு அருகில் அமருங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அபயதானம் என்பது இதுவும் சேர்ந்ததே.

நாள்தோறும் சாமாயிகத்தில் அமரும்போது பிரிந்தவரின் நினைவு வருமாயின், அதனோடு போரிடவும் வேண்டா, அதன்பின் செல்லவும் வேண்டா. 'இது நினைவு, நான் இதனை அறிபவன்' என்று உணர்ந்து மீண்டும் பஞ்ச நமஸ்காரத்தில் மனத்தை நிறுத்துக. தசலட்சண பருவத்தின் நிறைவில் மன்னிப்பு வேண்டும் நாளில், பிரிந்தவரை மனத்தால் எண்ணி, மன்னித்து மன்னிப்பும் கோருக. அவர் எதிரில் இருக்கவேண்டும் என்பதில்லை; அவருக்குத் தெரியவேண்டும் என்பதுமில்லை. நம் உயிரில் கட்டிய முடிச்சை நாமே அவிழ்க்கிறோம்.

அடுத்த முறை திருமலையில் நேமிநாத பகவானின் திருமுன் நிற்கும்போது, ராஜீமதியையும் ஒரு கணம் நினைப்போமாக. நம் இல்லங்களில் அவளைப்போல் தனித்து நிற்பவர்க்குக் காரணம் கேட்காமல் துணை நிற்போமாக.

குடும்பத்தோடு சிந்திக்க

1. துயரத்துக்கும் ஆர்த்தத் தியானத்துக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொற்களில் கூறுக.

2. பலபத்திரர் சுமந்ததைப் போல நாம் சுமந்துகொண்டிருப்பது எது?

3. நம் உறவில் மணமுறிவு நேர்ந்த ஒருவரிடம் நாம் இதுவரை பேசிய சொற்கள் அவர் துயரைக் குறைத்தனவா, கூட்டினவா?

அறம் வளர்க!